இன்ஜின் கொட்டகைச் சுவரில் ஒரு தேதி

அண்ணனுக்கும் எனக்கும் பொதுவில் ஒரு டீசல் இன்ஜின். கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டால் எங்கள் இரண்டு வயலுக்கும் அதுதான் கதி. பள்ளத்தில் கிடக்கும் தண்ணீரை ஐந்து நாள் அவர், ஐந்து நாள் நான் என்று முறைவைத்து இறைப்போம். முறை முடிந்தவன் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஏர் ஃபில்டரைக் கழுவி மாட்டி, கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் தேதி எழுதிவிட்டுப் போக வேண்டும். அண்ணன் போட்ட சட்டம். அடுத்தவன் சுவரைப் பார்ப்பான், கேள்வி கேட்க மாட்டான்.

அந்த வருடம் என் பயிர் முந்திக்கொண்டது. பிந்தி நட்ட அண்ணன் பயிர் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல் வீடு வந்துவிடும்.

என் முறை முடிந்த அன்று சிக்கல் கிராமத்தில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. மனைவி பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போனில் கத்தினாள். "எல்லாரும் தின்னுட்டுக் கை கழுவுறப்பப் போயி நிப்பமா? வாரீகளா இல்லையா?"

ஆயில் வடிக்கிற நட்டு முனை தேய்ந்தது. அண்ணன் சாக்குத் துணியைச் சுற்றிப் பொறுமையாகக் கழற்றுவார். எனக்கு ஏது பொறுமை? ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது. வந்ததே ஒரு கோபம்! ஸ்பேனரைத் தூக்கி வீசினேன். பழைய ஆயில் மேலேயே புதுசில் ஒரு டம்ளர் ஊற்றினேன். மீதிக் கேனை வீட்டு வைக்கோல் போருக்குள் சொருகினேன். ஃபில்டரைத் தொடவே இல்லை. தேதியை மட்டும் பெரிசாக, அழகாக எழுதினேன்.

மூன்றாம் நாளும் சிக்கலில்தான் இருந்தேன். சுண்டவைத்த கறிக்குழம்பில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் வந்தது.

"ஏலே, இன்ஜின் சத்தம் மாறி நின்னு போச்சு. ஹேண்டில் அசைய மாட்டேங்குது. ஆயில் மாத்துனேல்ல?"

"மாத்துனேண்ணே."

"அதானே. நீ மாத்தாமயா போவ."

ஆர்.எஸ்.மங்கலத்து மெக்கானிக் வந்து பிரித்தபோது நானும் நின்றேன். ஆயில் தார் மாதிரி இறங்கியது.

"இது புது ஆயிலா?" என்றார் மெக்கானிக்.

"டீசல் இன்ஜின்ல ஊத்துன அன்னைக்கே கறுத்துருமேப்பா. நான்தான் ராப்பகலா நிறுத்தாம ஓட்டிப்புட்டேன்" என்றார் அண்ணன்.

மெக்கானிக் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து, கழற்றிப் போட்ட நட்டுகளைப் பொறுக்கினேன்.

பேரிங் பிடித்துப் போயிருந்தது. கிராங்கைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பத்து நாளாகும் என்றார். ஊரில் ஓர் இன்ஜின் சும்மா இல்லை. எல்லோரும் அவரவர் பயிரைக் காப்பாற்ற இறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் திரும்பி வந்தபோது பள்ளத்தில் சேறுதான் கிடந்தது.

மதினி ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். கையில் ஒரு மணி தங்கவில்லை, அத்தனையும் பதர். வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். அண்ணன் ஆட்டுக்கிடைக்காரரைக் கூப்பிட்டு ஆட்டை இறக்கிவிடச் சொன்னார். ஆடுகள் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றார். என் நெல் அப்போது என் வீட்டில் மூட்டையாக அடுக்கியிருந்தது. ஒரு கறிச்சோற்றுக்காக அண்ணன் சோற்றில் மண்ணைப் போட்டேன், அவ்வளவுதான். நானெல்லாம் ஒரு மனுசனா?

இந்த வருடம் விதைப்புக்கு முன்னால் கொட்டகைக்கு வெள்ளையடிக்கிறேன் என்று நானே முன்வந்தேன். அந்தத் தேதியை அழிக்கத்தான். அதைப் பார்க்காமல் இன்ஜின் பக்கம் போக முடிவதில்லை. சுண்ணாம்பைக் கரைத்து மட்டையைத் தோய்த்துச் சுவரருகே போனபோது பின்னால் அண்ணன் குரல் கேட்டது.

"ஏலே, அந்த எடத்தை மட்டும் விட்டுட்டு அடி."

"ஏண்ணே?"

"நீ ஆயில் மாத்தாமப் போயிட்டன்னு டீக்கடையில ஒருத்தன் பேசுனான். இங்கன கூட்டியாந்து, இந்தா பாருடா என் தம்பி எழுதுன தேதின்னு காட்டித்தான் அவன் வாயை அடைச்சேன். அது இருக்கட்டும்லே."

அந்த இடத்தை விட்டுவிட்டு அடித்தேன்.