ஒரு கண்ணிக்கு ஒரு பக்கம்

"போன வாரம் அந்த மடையன் சொந்த வீட்டு வாசல்லயே கதவைத் தட்டாம நின்னுட்டிருந்தான். அங்கேருந்து ஆரம்பி ஸ்வாவா," என்று சொல்லிவிட்டு, தோர்கில்ஸ் ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். ஒரு வாய் கறுப்புக் காப்பி. மடியில் பாதி பின்னிய சுவெட்டர். கம்பளிக் காலுறை போட்ட கால்களை மேஜைக்கு அடியில் நீட்டியாயிற்று. இனி அவராகப் பேசமாட்டார். பேச வேண்டியது கதை. வியாழக்கிழமைதோறும் ஊர் நூலகத்தில் நூலகர் ஸ்வாவா கதை படிப்பார், ஊர்க்காரர்கள் பின்னிக்கொண்டே கேட்பார்கள்.

அந்தக் கட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. அத்தியாயம் முடியும்வரை அதுவாகக் கரைய வேண்டும், கடிக்கக் கூடாது. சட்டம் அவரே போட்டது, மீறுவதும் அவரே. கதையில் புயல் அடித்தாலோ, யாராவது மாடிப்படியில் ரகசியமாக இறங்கினாலோ, நூலகம் முழுக்கக் கேட்கும்படி 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். "போச்சு, எவனோ மாட்டிக்கிட்டான்," என்பார் பக்கத்து நாற்காலி பெத்ரீனா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பாதிக் கதையை அவர் தோர்கில்ஸின் பல்லை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

ஸ்கார்பவீக் என்பது ஐஸ்லாந்தின் வடக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற ஓர் ஊர். அங்கே மலைப்பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர் தோர்கில்ஸ். வயது அறுபத்தொன்று. கதவு அளவுக்கு அகலம், கேரட் கிழங்கு மாதிரி விரல்கள். அந்த விரல்களால் அவர் பின்னுவதை ஊரில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அதிசயம் அவர் பின்னி முடித்த சுவெட்டரில் இருக்கிறது.

கதை இறுகினால் அவர் கை இறுகும். சிரிப்பு வந்தால் பின்னலின் கண்ணிகள் தொளதொளக்கும். தபால்காரர் ஆர்ன்கெல் போட்டிருக்கிறாரே சாம்பல் நிற சுவெட்டர், அதன் இடது கை முழங்கைக்குக் கீழே திடீரென்று குழாய் மாதிரி ஒடுங்கும். கேட்டால், "அது விதவை கடிதத்தை அடுப்புல போட வந்த இடம்," என்பார் தோர்கில்ஸ், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "எனக்கு விரல் மரத்துப்போகுதுய்யா!" என்று ஆர்ன்கெல் கத்துவார். "அப்ப நீ அந்த அத்தியாயத்தைக் கேட்டிருக்கணும். எனக்கு உடம்பே மரத்துப்போச்சு!"

படிக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டியின் எஞ்சின் கையேடு நானூறு பக்கம், அட்டை முதல் அட்டை வரை படித்தவர். பத்திரிகையில் குறுக்கெழுத்தைப் பேனாவாலேயே போடுவார். கதை மட்டும் காது வழியாகத்தான் வர வேண்டும். ஒருமுறை பெத்ரீனா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"ஏம்ப்பா, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நீயே படிச்சா என்ன?"

"படிச்சுப் பாத்தேனே. எல்லாப் பயலும் என் குரல்லயே பேசுறான். கொலைகாரனும் நான், செத்தவனும் நான், அழுவுற பொண்டாட்டியும் நான். இதுல எனக்கு என்ன பயம் இருக்கு?"

"அப்ப போன்ல கேளு. அதுல ஆயிரம் கதை இருக்கே."

"அது யாருக்காகவும் நிக்காது பெத்ரீனா. நான் தூங்கினாலும் படிக்கும், வண்டியோட பள்ளத்துல விழுந்தாலும் படிக்கும். ஸ்வாவா அப்படியா? நான் தும்மினாக்கூட நிறுத்துறா."

ஸ்வாவா நிறுத்துவதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால், அதைப் பிடித்துக் கோக்கிறவரை காது கதையில் நிற்காது. பதினோரு வருடத்துக்கு முன்பு இதற்காக ஒரு பெரிய சண்டை நடந்து, நூலகர் ஸ்வாவா தன் கையாலேயே ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். 'கண்ணி நழுவினால் கையைத் தூக்கவும். ஒரு கண்ணிக்கு ஒரு பக்கம் பின்னால் போகப்படும்.' ஸ்வாவா சட்டத்தில் கறார். ஊர்ப் பாதிரியாரே வந்து தாமதக் கட்டணத்தைக் கட்டிவிட்டுத்தான் அடுத்த புத்தகம் வாங்கிப் போனார்.

நம்ம ஆள் சும்மா இருப்பாரா? இப்போது ஓடுகிற கதையின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பாதிரியாரின் குதிரை பிரசங்கத்தின் நடுவே கோயிலுக்குள் வந்து, முன்வரிசைக் கிழவியின் தொப்பியைத் தின்னும். அந்த இடம் முடிந்ததும் தோர்கில்ஸின் கை மெதுவாக உயர்ந்தது. "கண்ணி நழுவிடுச்சு." ஸ்வாவா ஒரு பக்கம் பின்னால் போனார். குதிரை மறுபடி வந்தது. மறுபடி நழுவியது. ஐந்தாவது தடவை பெத்ரீனா எழுந்தே விட்டார். "டேய், அந்தக் குதிரைக்கே அலுத்துப்போச்சுடா!" தோர்கில்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சிரிப்பு. ஸ்வாவாவும் சிரித்தார்தான். ஐந்து தடவையும் அந்தத் தொப்பியை ஐந்து விதமாகத் தின்னக் கொடுத்தவர் அவர்தானே!

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஸ்வாவா சொன்னார், ரெய்க்யாவிக்கில் தங்கை வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம், வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விடப் போகிறாராம்.

"இங்க எனக்கு என்ன இருக்கு? வாரத்துக்கு ஒரு மணி நேரம். நீங்க பின்னுறீங்க, நான் படிக்கிறேன். ரெக்கார்டு போட்டு விட்டாலும் பின்னத்தான் போறீங்க. பயப்படாதீங்க, புத்தகத்தை அரைகுறையா விட்டுட்டுப் போகமாட்டேன். கடைசிப் பக்கத்தை முடிச்சுட்டுத்தான் கிளம்புவேன்."

'கடக்.' கதையே இல்லாத நேரத்தில் தோர்கில்ஸின் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது அன்றைக்குத்தான். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. பத்தடி உயரப் பனிச்சுவரை ஒற்றை ஆளாகத் தள்ளுகிறவருக்கு இந்த ஒரு வார்த்தையைத் தள்ளத் தெரியவில்லை. வாரம் முழுக்கத் தனியாக வண்டியில் உட்கார்ந்து, வியாழக்கிழமை கேட்ட குரலை மனசுக்குள் ஓட்டிக்கொண்டுதான் அவர் மலையேறுகிறார். அது இல்லாத குளிர்காலத்தை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் முதல் கண்ணிகள் மழையாகக் கொட்டின. ஒரு மணி நேரத்தில் ஏழு. ஒரு வியாழக்கிழமை கதை முன்னேறவே இல்லை, மூன்று பக்கம் பின்னால் போய் முடிந்தது. பெத்ரீனா தன்னைத்தானே பரிசோதகராக நியமித்துக்கொண்டு, நழுவிய கண்ணியைக் காட்டச் சொல்லி மூக்குக்கண்ணாடியோடு குனிய ஆரம்பித்தார்.

"இது நழுவினது இல்ல, நீயே தள்ளிவிட்டது. தோர்கில்ஸ், எனக்கு எண்பத்திரண்டு வயசு. அவன் கதவைத் தட்டினானா இல்லையான்னு தெரிஞ்சுக்காமப் போய்ச் சேந்தேன்னு வை, ராத்திரி உன் வண்டியில வந்து உக்காந்துக்குவேன்!"

அறை முழுக்கச் சிரித்தது. தோர்கில்ஸ் மட்டும் முகம் சிவந்து, "சரி. இனிமே ஒரு கண்ணிகூட விடமாட்டேன்," என்றார். சொன்னபடியே செய்தார் என்பதுதான் விசேஷம். ஏப்ரல் முழுக்க அவர் கை உயரவே இல்லை. கதை சரசரவென்று ஓடியது. திருந்திவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஒருநாள் மட்டும் கேட்டார், "ஸ்வாவா, அந்தப் புத்தகம் மொத்தம் எத்தனை பக்கம்?"

"இருநூத்தி அறுபத்தி நாலு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவர் மடியில் இருந்த சுவெட்டர் அதற்குப் பிறகு அகலமாகிக்கொண்டே போனது. உடம்பையும் இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லாக் கண்ணிகளையும் இரண்டு முனைக்கும் நடுவே கயிறு உள்ள ஒரே நீளமான வளைய ஊசியில் கோத்துக்கொண்டு, உதட்டை அசைத்து எண்ணியபடி பின்னினார்.

"யாருக்கு இது? மாட்டுக்கா?" என்றார் பெத்ரீனா.

"குண்டான ஆளு ஒருத்தருக்கு."

மே மாதக் கடைசி வியாழன். வெளியே நல்ல வெயில், ஆனாலும் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. ஸ்வாவா கடைசி அத்தியாயத்தை மெதுவாகப் படித்தார். வாசலிலேயே நின்ற அந்த மடையன், பன்னிரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பிய மாலுமி, கடைசியில் கையைத் தூக்கிக் கதவைத் தட்டினான். உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அத்தோடு கதை முடிந்தது. பெத்ரீனா மூக்கை உறிஞ்சினார். ஸ்வாவா புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார்.

"அவ்வளவுதான். சனிக்கிழமை சாமான் ஏத்த லாரி வருது."

தோர்கில்ஸ் சுவெட்டரை மேஜைமேல் வைத்து ஒருமுறை தடவிக் கொடுத்தார். பிறகு ஊசியின் ஒரு முனையைப் பிடித்து, ஒரே இழுப்பாக முழுசாக உருவி எடுத்தார். இரண்டு மாத உழைப்பு மேஜைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவர் கையைத் தூக்கினார்.

"ஸ்வாவா, கண்ணி நழுவிடுச்சு."

ஸ்வாவா அந்தச் சுவெட்டரையே பார்த்தார். "எத்தனை?" என்று கேட்டார்.

"இருநூத்தி அறுபத்தி நாலு. வேணும்னா பெத்ரீனா எண்ணிப் பாக்கட்டும்."

"எண்ண வேண்டியதில்ல," என்றார் பரிசோதகர். "எல்லாம் தானா நழுவினதுதான். நான் பாத்தேன்."

ஸ்வாவா திரும்பி, சுவரில் தன் கையெழுத்தில் தொங்கிய அட்டையை வெகுநேரம் படித்தார். தோர்கில்ஸ் அவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் காலை மேஜைக்கு அடியில் நீட்டினார். கிண்ணத்தைத் துழாவிப் புதிதாக ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து, வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார்.