நாவலுக்கு ஏஜென்ட் தேடப்போய்

லண்டனில் இருக்கும் தோழி இன்று காலை போனில் சொன்னாள்: "முதல் நாவலெண்டா ஏஜென்ட் ஒருத்தர் இருந்தாத்தான் பதிப்பகம் பார்க்கும்."

"அப்ப ஏஜென்ட் ஒருத்தரத் தேடத்தான் வேணும்," என்றேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றுவிட்டது. ஏஜென்ட் மூலம் குவைத்துக்குப் போய், வீட்டு வேலை செய்து என்னைப் படிக்கவைத்தவ.

"எந்த நாட்டுக்குப் புள்ள? நான் போனது போதாதா?"

"நான் எங்கயும் போகல்ல உம்மா. என்ட நாவல் புத்தகமா வாறதுக்குத்தான்."

உம்மா திரும்பவும் மீனை வெட்டத் தொடங்கினா.

பிறகு கல்முனையில் ஒரு பதிப்பாளருக்குப் போனில் கோல் எடுத்துக் கேட்டேன். "இங்க ஏஜென்டெல்லாம் தேவல்ல தங்கச்சி, நீங்களே அனுப்புங்க," என்றார். உம்மா பக்கத்தில் இருக்க, அனுப்பினேன்.

"பதில் வராட்டி நம்பரத் தா, நான் கதைக்கிறன்," என்கிறா உம்மா.

பதிப்பாளரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. உங்கள் முதல் புத்தகத்துக்காக யார் கதைத்தார்கள்?