தளர்த்திய தந்தி

நேற்று பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மூட்டை பிரிந்து கிடந்தது. வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் செல்வன்மேல் கோபம் வந்துவிட்டது. சுக்குக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில்தான் தொண்ணூறுகளில் நாங்கள் வாசித்துப் பழகினோம். ஹமீதிக்கா ஆர்மோனியம், நான் பேஸ் கிட்டார். செல்வன் எங்கள் முனிசிபாலிட்டி லைன் வீட்டுப் பையன், கிட்டாரில் ஏதோ தட்டுவான். தும்மல்தான் எங்கள் தாளம்.

கல்யாண வீடுகளில் இரவு மெஹ்ஃபில், அதாவது கஸல் கச்சேரி, நடக்கும். ஹமீதிக்காவின் கிழட்டு ஆர்மோனியம் எங்கள் சுருதிக்கு வராது. அவரை மாற்றச் சொல்ல யாருக்குத் தைரியம்? நான் என் தடித்த தந்தியைத் தளர்த்திக்கொண்டேன். போர்ட் கொச்சி விடுதிகளில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஜாஸ் கேசட்டுகளைக் கேட்டு, அதையும் அந்தத் தளர்ந்த தந்தியிலேயே வாசித்தேன். கஸலும் ஜாஸும் கலந்து என்னமோ ஒன்று வந்தது. அதை ஒரே ஒரு கேசட்டில் பதிந்து விடுதியில் போடக் கொடுத்திருந்தேன். அம்மாவிடம் ஜாஸ் என்றேன். "அதுக்கு மருந்து வாங்குனியாடா?" என்றாள்.

ஒருநாள் செல்வன் வந்தான். "எடா, நீ வாசிக்கற அந்த பேஸ் லைனைக் காமிச்சுத் தாடா. சும்மா படிக்கத்தான்."

ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். விரலைப் பிடித்துத் திருத்தினேன். கிட்டாரை இரவல் கேட்டான். துடைத்து வேறு கொடுத்தேன், மடையன்.

அப்புறம் ஆளைக் காணோம். விடுதியில் வேலை பார்த்த பாபு சேட்டன்தான் சாயாக்கடையில் சொன்னார். "ஒரு சாயிப்பு, வெள்ளைக்காரப் பியானோக்காரன், உன்னோட கேசட் கேட்டு, இது யாருன்னு செல்வன்கிட்ட விசாரிச்சான். இவன் 'நான்தான்'னுட்டான். பின்ன வாசிச்சும் காட்டினான். சாயிப்பு அவனைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டான், மோனே."

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திருடன் என்றாலும் பரவாயில்லை. இவன் என்னிடமே பாடம் கேட்டல்லவா திருடினான்!

பத்து வருஷம் கழித்து எர்ணாகுளத்தில் அவன் கச்சேரி. மானங்கெட்டுப் போனேன். முதல் பாட்டே என் லைன், தந்தியும் அதே தளர்ச்சி. நடுவில் என்னைப் பார்த்துவிட்டான். மேடைக்கு இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னான்: "என் பழைய சிநேகிதன். நான் வாசிக்கறதைக் கேக்க தினம் வருவான்."

கூட்டம் கைதட்டியது. சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது.

கல்யாண வீடுகளில் இப்போது டிஜே. ஹமீதிக்கா போய்விட்டார், பாபு சேட்டனும் போய்விட்டார். கேசட்டைச் சாயிப்பு கொண்டுபோனான். கிடங்கு மாடி ஏசி போட்ட காபிக்கடை ஆகிவிட்டது. நான் வாசித்தேன் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அது செல்வன்.