பெண் வீட்டில் மிச்சம் வைத்த காபி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். சண்டை போட்டு அல்ல, மொட்டைக் கடிதம் எழுதியும் அல்ல — ஒரு டம்ளர் காபியைக் குடிக்காமல் வைத்து!

என்னைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே... காபி விஷயத்தில் நான் கொஞ்சம் ஒரு மாதிரி. ‘பீபரி’ ரகக் காபிக் கொட்டையை என் கண் முன்னால் வறுத்து அரைக்க வேண்டும். சிக்கரி என்ற பேச்சே கூடாது. "துளியூண்டு போட்டாத்தானுங்க திக்கா இருக்கும்" என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கெஞ்சிப் பார்ப்பார். நான் முறைப்பேன். அவர் பெருமூச்சு விட்டபடி மெஷினைப் போடுவார். இதற்காக ஊரின் அந்தக் கோடிவரை ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே பாக்கெட் காபித்தூள் கிடைக்கிறது என்பதை என் மனைவி அடிக்கடி நினைவூட்டுவாள்.

இப்போது ஊரெல்லாம் கிளை திறந்து கொண்டிருக்கிறதே ஒரு பேக்கரி... பெயர் வேண்டாம், வம்பு எதற்கு? எந்தக் கிளைக்குப் போனாலும் அதே கண்ணாடி, அதே சிவப்பு நாற்காலி, அதே காபி மெஷின். ‘புஸ்ஸ்ஸ்’ என்று ரயில் எஞ்சின் மாதிரி ஒரு சத்தம். முக்கால் கப் நுரை. நுரையின் மேல் சாக்லேட் பவுடர். காபியில் எதற்கு ஐயா சாக்லேட்? காபி எங்கே என்று தேடுவதற்குள் கப் காலியாகிவிடுகிறது. ஆனால் வாசலில் நிற்கிற பைக்குகளைப் பார்த்தால், எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் செந்திலுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு. பெண்ணின் அப்பா பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறார். பெண் மகேஸ்வரி, கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் இந்த மாதிரிக் காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். அதனால் முன் வரிசையில், விசிறிக்கு நேர் கீழே, எனக்குத்தான் நாற்காலி.

செந்தில் ஏற்கெனவே பல வீடு ஏறி இறங்கியவன். எதுவும் கூடி வரவில்லை. ‘இதுதான் கடைசிங்கம்மா, இதுக்கு மேல என்னைக் கூப்பிடாதீங்க’ என்று சொல்லித்தான் வண்டியில் ஏறியிருந்தான். அக்கா வழி முழுக்க சாமி கும்பிட்டுக் கொண்டே வந்தாள்.

காபி வந்தது. ஒரு வாய் குடித்தேன். அவ்வளவுதான்... ஆறிப்போன பால், கண்டபடி சர்க்கரை, அடியில் கறுப்பாக சாக்லேட் வண்டல். சாட்சாத் அந்த பேக்கரி காபி! துடியலூர்க் கிளையிலிருந்து பெரிய பிளாஸ்க்கில் வாங்கி வந்திருக்கிறார்கள். நுரையெல்லாம் வழியிலேயே காலமாகிவிட்டிருந்தது. நான் டம்ளரை மெதுவாக ஸ்டூலில் வைத்தேன். வைத்தவன் அதை மறுபடி தொடவில்லை.

செந்தில்? "நல்லா இருக்குங்க" என்று இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான். திரும்பும்போது வேனில் கேசட் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். அக்கா பின் சீட்டிலிருந்து என் தோளைக் கிள்ளினாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது!

மறுநாள் காலை தரகர் போன் செய்தார். பேசி முடித்த கையோடு அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"ஏண்டா, காபியைக் குடிக்காம வெச்சுப்போட்டு வந்தியா? மாப்பிள்ளையோட மாமனுக்குப் பிடிக்கல போல, வேற எடம் பாத்துக்கறமுன்னு சொல்லிப்போட்டாங்கடா..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றித் தெரியுமல்லவா? முகத்துக்கு நேராக ‘வேண்டாம்’ என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. ‘ஜாதகத்தை இன்னொருக்கா பாத்துப்போட்டுச் சொல்லியனுப்பறோமுங்க’ என்றால் முடிந்தது கதை. கொடுத்த காபியைத் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு எழுந்தால், அதைவிடத் தெளிவான பதில் வேறு கிடையாது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். இது தெரியாதா எனக்கு? தெரியும். அந்த நிமிஷத்தில் என் நாக்கு மட்டும்தான் வேலை செய்தது, மூளை அல்ல.

"அவன் முதமுதலா சரின்னு சொன்ன புள்ளைடா" என்றாள் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு அவளே உத்தரவும் போட்டாள். "நீயே போ. போயி அந்தக் காபியை ஒரு சொட்டு விடாமக் குடிச்சுப்போட்டு வா!"

அன்று சாயங்காலமே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஸ்கூட்டரை விட்டேன். என்ன சொல்வது? ‘உங்கள் காபி கேவலமாக இருந்தது’ என்று சொன்னால் தாய்மாமனுக்கு அழகா? துடியலூர் தாண்டுவதற்குள் ஒரு பொய் தயாராகிவிட்டது.

பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். வருத்தம் மனசுக்குள் இருந்திருக்கும், மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. "வாங்க வாங்க... உள்ள வாங்க" என்று விசிறியைப் போட்டார்.

"நேத்து எனக்கு வயித்துல கொஞ்சம் கோளாறுங்க. அதான் காபி குடிக்க முடியல. நீங்க தப்பா எடுத்துக்கப்படாதுங்க" என்றேன்.

"அட, அவ்வளவுதானுங்களா! நாங்க என்னென்னமோ நெனச்சுப்போட்டமுங்க." அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே திரும்பி மகளுக்குக் குரல் கொடுத்தார். "ஏனுங்க அம்மணி, சாருக்கு வயிறு சரியில்லையாமா. மோர் கரைச்சு, சீரகம் தட்டிப்போட்டுக் கொண்டாங்க."

ஜெயித்துவிட்டேன் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

சமையலறையிலிருந்து... புதுசாக அரைத்த பொடி, அப்போதுதான் இறங்கிய டிகாக்‌ஷன். சிக்கரியின் சாயல் துளிகூட இல்லை. முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

"எங்களுக்கு இது காபி நேரமுங்க" என்றார் அவர், கூச்சத்தோடு. "என்ற மச்சான் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம் வெச்சிருக்காருங்க. கொட்டை அங்கிருந்து வந்துரும். ஊட்லயே வறுத்து அப்பப்ப அரைச்சுக்கறதுங்க."

"அப்ப நேத்து...?"

"இந்தக் காட்டுக் காபியை டவுன்காரங்களுக்குக் குடுக்க முடியுங்களா? அதுலயும் நீங்க பேப்பர்ல எழுதறவரு. அதான் ஆளை அனுப்பி, அந்த மெஷின் காபியே வாங்கியாரச் சொன்னனுங்க."

கேட்டீர்களா அநியாயத்தை? வீட்டில் அமிர்தத்தை வைத்துக்கொண்டு, விருந்தாளிக்கு விலை கொடுத்து வண்டல் வாங்கியிருக்கிறார்! இவரை மட்டும் சொல்வானேன்? நாம் எல்லோருமே அப்படித்தானே... நல்லதை நாம் வைத்துக்கொண்டு, நாகரிகமானதை வந்தவர்களுக்குக் கொடுக்கிறோம். அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம்.

மோர் வந்தது. அவருக்குக் காபி வந்தது. என் எதிரிலேயே டவராவில் ஊற்றி ஆற்றினார். நான் மோரைப் பார்த்தேன். காபியைப் பார்த்தேன். ஒரு மனிதனால் எவ்வளவுதான் தாங்க முடியும்?

"என் வயித்துக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லியேவிட்டேன். "நேத்துக் காபி வாயில வைக்க முடியல. அதான் குடிக்கலீங்க."

ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. போச்சு, அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வயிற்றைக் கலக்கியது. இப்போது நிஜமாகவே!

சமையலறைப் பக்கமிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. மகேஸ்வரி வெளியே வந்தாள். "நான் அப்பவே சொன்னேனில்லீங்கப்பா? அந்த பிளாஸ்க் காபியை நம்மூட்டு எருமைகூட மோந்து பாக்காதுன்னு!" அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மோரை எடுத்துவிட்டு, என் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள் அவள்.

குடித்தேன். அதைப் பற்றி எழுதினால் நீங்கள் அந்த வீட்டு விலாசம் கேட்பீர்கள். வேண்டாம்.

பாதி டம்ளர் இறங்கியிருக்கும். அவள் போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள். "ஏனுங்க சார், ஒண்ணு கேக்கலாங்களா? உங்க மாப்பிள்ளை நேத்து ரெண்டு டம்ளர் குடிச்சாருங்களே... அவருக்கு நெசமாவே நல்லாருந்துச்சுங்களா, இல்ல மரியாதைக்குக் குடிச்சாருங்களா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். மரியாதைக்கு என்றால் பையன் பொய்க்காரன். நிஜமாகவே என்றால் ருசி தெரியாதவன். இப்படிக் காபி போடுகிற பெண்ணிடம் எதைச் சொன்னாலும் ஆபத்து. ஆனால் அந்தக் காபி தொண்டையில் இருக்கும்போது இரண்டாவது பொய் வர மறுத்தது.

"நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு அம்மணி அவனுக்கு" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. "சுடுதண்ணியில கொஞ்சம் பழுப்பு நெறம் தெரிஞ்சாப் போதும், காபின்னு குடிச்சுக்குவான். என்ன குடுத்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவான்."

நான் அக்காவை நினைத்துக்கொண்டேன்.

"அப்பச் சரிங்க" என்றாள் மகேஸ்வரி. "நல்ல காபி போட நான் இருக்கேனுங்க. தெனமும் குடிச்சுப்போட்டு நொட்டை சொல்றதுக்கு ஆளில்லாம இருந்தாப் போதுமுங்க." அப்பாவைப் பார்த்து, "தரகருக்கு போன் பண்ணிருங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா வீட்டில் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகு என் வீட்டுக்கு வந்து, மகேஸ்வரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் என் மனைவியிடம் ஒப்பித்தேன். பெருமையாகத்தான்.

அவள் காபியை என் முன்னால் வைத்தாள். "எனக்கு அந்த வயசுல இப்படிக் கேக்கத் தெரியாமப் போச்சு பாருங்க" என்றாள்.

டிகாக்‌ஷன் கொஞ்சம் நீர்த்துத்தான் இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றேன்.