பானையின் அடியில் கிடந்த சுண்ணாம்பு

மாமா பொய் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சபை அவருக்கு எல்லைப் போராட்ட வீரர் என்று பொன்னாடை போர்த்தப் போகிறது. அதற்கு முன் இதை எழுதியாக வேண்டும்.

பாறசாலைப் பக்கத்து ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடிய காலம். எனக்கு எட்டு வயது. அன்று உதியன்குளங்கரைக்கு ஊர்வலம். எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் எதிர்ச்சுவரில் விடியும் முன் கோஷம் எழுதுவது மாமாவின் பொறுப்பு. அதற்காகச் சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து ஒரு பானை நிறைய எங்கள் வீட்டில் வைத்திருந்தார்.

ஊர்வலத்துக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்க அம்மா பப்பாளிக்காயைப் பாகில் போட்டாள். எங்கள் பேச்சில் ஓமக்காய். முந்தின நாளே பானையில் தெளிந்து நின்ற நீரை மட்டும் கோரித் துண்டுகளை ஊறவைத்து, பலமுறை அலசி, பிறகுதான் பாகில் இட்டாள். கொதித்தும் ஒரு துண்டுகூடக் கரையவில்லை. கடித்தால் நறுக்கென்றது. "சுண்ணாம்பில ஊறப்போட்டதாக்கும்" என்று மாமாவிடம் பெருமையடித்தது நான்தான்.

காலையில் கோயில் முற்றத்தில், சுவரில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று ஆட்கள் மாமாவைக் கேட்டார்கள்.

"எழுதச் சுண்ணாம்பு வேண்டாமா? எல்லாத்தையும் இவ ஓமக்காயில கலக்கிட்டா. ஆரும் தின்னாதீங்க, குடல் வெந்து போவும்!" சொன்ன வாயில் வெற்றிலையும் சுண்ணாம்பும் இருந்தன.

"அண்ணா, மேல தெளிஞ்சு நின்ன வெள்ளம் மட்டுந்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா.

"கேட்டியளா, அவளே சொல்லியாச்சு!" என்றார் மாமா.

"எலே, தின்னா வயித்துக்கு வெள்ளையடிச்சது போல ஆவும்" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

அம்மா ஓமக்காய் இருந்த சருவப் பாத்திரத்தை மடியில் வைத்துக் கோயில் படியில் உட்கார்ந்தாள். எல்லோரும் பார்க்க ஒவ்வொரு துண்டாகத் தின்றாள். எனக்கும் ஊட்டினாள். "நல்லா மெல்லு மக்கா. சத்தம் அவியளுக்குக் கேக்கட்டு."

வேறு யாரும் தொடவில்லை. அம்மா சாகும்வரை சபை விருந்துகளில் அவள் கைப்பண்டத்தை யாரும் வாங்கவில்லை.

பின்னால் வேதியியல் படித்தேன். காயின் செல்களை ஒட்டிவைப்பது பெக்டின் என்கிற நீண்ட சங்கிலிகள். வேகும்போது அவை இளகிக் கரையும். சுண்ணாம்புத் தெளிவிலுள்ள கால்சியம் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே போய் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். துண்டு உடையாது. அவ்வளவுதான் அம்மா செய்த குற்றம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பானையை எட்டிப் பார்த்தேன். அடியில் சுண்ணாம்பு வெண்ணெய் போல அப்படியே கிடந்தது. பக்கத்தில், சுவரில் எழுத நுனியை நசுக்கி வைத்திருந்த மட்டை நனையாமல் இருந்தது. அது ஏன் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

மாமா, ஸ்டேஷன் வாசலில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள், பயந்தீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில், பொன்னாடை தோளில் விழுமுன், சபை முழுவதும் கேட்கச் சொல்லுங்கள்: பானையில் அத்தனை சுண்ணாம்பு இருக்க, அந்தச் சுவர் ஏன் வெறுமையாக இருந்தது?