தண்ணீர் நெளிய வேண்டும்

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பிக் கயிறுமாக நின்றுவிட்டு வருவார். வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கூடத்தில் இருக்கும் கடல் தொட்டியின் முன் உட்காருவார். உப்புத் தண்ணீர், பாறை, பவளம், ஐந்து மீன். நகத்தளவில் வாங்கி வந்த பவளம் ஒன்று, ஆறு வருடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது.

"அதுதான் எனக்குச் சக்களத்தி" என்பாள் அக்கா. "எனக்குத் தலைவலின்னா மாத்திரை போடும்பாரு. அதுக்கு ஒண்ணுன்னா லீவு போடுவாரு."

எட்டாவதோடு நின்று அக்கா வீட்டோடு வந்துவிட்டவள் நான். வாயே திறக்காத என்னை அத்தான் "வாயாடி" என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று நாள் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னார். "வாயாடி, மேல தண்ணி நெளிஞ்சிட்டே இருக்கணும். அப்பத்தான் காத்து உள்ள இறங்கும். கண்ணாடி மாதிரி நின்னா மீனுக்கு மூச்சு முட்டும். தண்ணியத் தள்ளுற பம்ப்போட மூக்கு மேல பாத்தே இருக்கணும், பாத்துக்கோ."

மறுநாளே அக்கா அந்த மூக்கைக் கீழே திருப்பிவிட்டாள். "சலசலன்னு ஒரே சத்தம். சுவரெல்லாம் உப்பு பூக்குது." மூடியையும் போட்டாள்.

தண்ணீர் அசையாமல் நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. சாயங்காலம் அதன்மேல் எண்ணெய் போல ஏதோ படர்ந்தது. அடுத்த நாள் காலையில் ஐந்து மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பசிக்குது போல" என்று அக்கா தீனி தூவினாள். அவை தொடவில்லை.

பசி இல்லை என்று எனக்குத் தெரியும். மூக்கைத் திருப்ப இரண்டு விரல் போதும். ஆனால் அவள் வீடு. அவள் திருப்பி வைத்தது. அக்கா குளிக்கப் போனதும் அத்தானுக்குப் போன் போட்டேன். அவருக்கு நான் போட்ட முதல் போன்.

"யாரு, வாயாடியா? இன்னிக்கு மழைதான். தொட்டி நல்லா இருக்கா?"

குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.

"ம்" என்றேன்.

"அப்ப சரி. நாளைக்கு வந்துடறேன்."

அவர் வந்தபோது மூன்று மீன் மிதந்தன. அந்தப் பவளம் கொழகொழவென்று வெளுத்துக் கிடந்தது. "ஏதோ சீக்கு போல" என்றாள் அக்கா. அவர் தண்ணீருக்குள் கைவிட்டு மூக்கை மேலே திருப்பினார். தண்ணீர் நெளிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறமும் பல தடவை வெளியூர் போனார். போகுமுன் பம்ப்பின் மூக்கைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார். யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. என்னைக் கூப்பிட வேண்டியிருந்தால், "இந்தாம்மா" என்பார்.