முட்டைப் பெட்டியும் ஒரு சொம்புத் தண்ணீரும்

வீட்டில் இன்குபேட்டர் வைத்து அடுத்தவர் முட்டையைப் பொரித்துத் தருகிற எங்களுக்கு, கோழியைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை அதிகம். நீங்களும் ஒரு பெட்டி வைத்திருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். ஈரம் கூடினால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டிப் போகும். குறைந்தால் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று வருடமாக ஒத்தக்கடையில் நான் இந்த இரண்டுக்கும் நடுவில் குடித்தனம் நடத்துகிறேன்.

சமையலறைப் பிரசவம்

முதலில் பெட்டியைச் சமையலறையில் வைத்தேன். அங்கேதான் ஒரு பிளக் சும்மா இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு ஈரப்பத மீட்டர் எகிறும். மீட்டர் கோளாறு என்று வேறொன்று வாங்கினேன். அதுவும் ஏழு மணிக்கே எகிறியது. இருபது காடை முட்டையில் பொரித்தது மூன்றே மூன்று.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார் செல்வி ஒருநாள் காலையில் வந்தாள். அடுப்பில் இருந்த இட்லிச் சட்டியைப் பார்த்தாள், அதன் ஆவி நேராகப் போகும் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "மதினி, ஆவில வேக வேண்டியது இட்லியா முட்டையான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க."

பதினோரு முட்டை

அன்றே பெட்டி ஹாலுக்கு வந்தது, செல்வியும் எனக்குக் கூட்டாளி ஆனாள். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் முத்தையா வந்தது அதற்குப் பிறகுதான். தவிடு நிரப்பிய ஒரு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உள்ளே பதினோரு முட்டை. அடைக்கு உட்காரும் முன்பே அவருடைய செவலைக் கோழியை நாய் கடித்துப் போட்டுவிட்டதாம். டப்பாவைக் கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"செவலை வம்சம் இதோட நின்னுரக் கூடாதுக்கா. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

சித்திரை வெயிலில் ஒரு தர்மம்

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்றில் கரு கூடவில்லை. மிச்சம் எட்டு. சேதி கேட்டுப் பார்க்க வந்த முத்தையாவுக்கு டீ போட உள்ளே போனேன். சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் நீர்மோர் குடிக்காமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. தண்ணீர் கொடுப்பதில் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். பெட்டிக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டில் பாதியே இருப்பதைக் கண்ட அந்த நல்ல மனிதர், ஒரு சொம்பு நிறைய ஊற்றிவிட்டார். ஐம்பதைத் தாண்டக் கூடாத மீட்டர் எண்பதைத் தொட்டது. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

முட்டையின் தடித்த பக்கத்தில் காற்று நிற்கும் இடம் நாளுக்கு நாள் பெரிதாக வேண்டும். அங்கேதான் குஞ்சு முதல் மூச்சு விடும். இப்போது அது பெரிதாகவே மாட்டேன் என்றது. நாலு நாள் பெட்டிக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. தினமும் டார்ச் அடித்து, அந்த இடம் எதுவரை வந்திருக்கிறது என்று ஓட்டில் பென்சில் கோடு போட்டுப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். முத்தையாவோ என்னைத்தான் குற்றம் சொன்னார்: "இந்த வெயில்ல பச்சப்புள்ளைகளத் தவிக்க விடுறீகளேக்கா!"

மூடி மேல் ஆணை

பதினெட்டாம் நாள் கோடு சரியான இடத்துக்கு வந்துவிட்டது. பொரிக்கிற கடைசி மூன்று நாள் மட்டும் ஈரம் கூடுதலாக வேண்டும் என்பதால் எழுபதுக்கு ஏற்றி மூடினேன். இனி பொரிக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரக்காற்று ஒரே நொடியில் ஓடிவிடும். இருபதாம் நாள் முத்தையா லீவு போட்டு வந்து பெட்டியின் கண்ணாடி மூடி முன்னால் உட்கார்ந்தார். முதல் ஓட்டில் விரிசல் விழுந்ததும், "லேசாக் கிள்ளி விட்டுருவமா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கைக்கு வேலை கொடுத்தால் அடங்கும் என்று ஒரு முறம் சின்ன வெங்காயத்தை நீட்டினேன்.

சாயங்காலத்துக்குள் ஐந்து குஞ்சு வெளியே, ஒரு கிலோ வெங்காயம் உரித்தாயிற்று. முறத்தை எடுக்க வந்த செல்வி சொன்னாள்: "அண்ணே, இன்னும் மூணு முட்டை இருக்கு. பூண்டு எடுத்துட்டு வாரேன்."

எட்டாவது

மறுநாள் காலையில் ஏழு குஞ்சு. எட்டாவது குஞ்சு ஓட்டில் ஒரு துளை போட்டுவிட்டு உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தது. அப்போது மூடியைத் திறந்தது யார் என்கிறீர்கள்? நான்தான். ஏழும் அந்த முட்டையை உருட்டி விளையாடுகின்றன, எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒன்றைக் கையில் ஏந்திப் பார்க்க ஆசை. ஏந்தினேன், கொஞ்சினேன், மூடியை மறந்தேன். திரும்பிப் பார்த்தால் மீட்டர் நாற்பதில் நின்றது. ஓட்டைக்குள் தெரிந்த தோல் அப்பளமாகக் காய்ந்திருந்தது, சத்தமும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சைத் தொட்டு, மூக்கில் படாமல் தோலை நனைத்து மூடினேன். அரை மணி கழித்து மறுபடியும். மூன்றாம் முறை நனைத்தபோது, உள்ளேயிருந்து ஒரு 'கீச்'. மதியத்துக்குள் ஓடு இரண்டாகப் பிளந்து, தாயின் அதே செவலை நிறத்தில் ஒன்று வந்து விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில், குஞ்சுகளை எடுத்துப்போக வந்த முத்தையாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மனிதர் எட்டையும் டப்பாவில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

"தொறக்காதீக, தொறக்காதீகன்னு இத்தன நாளும் நீங்க கத்துனது என்னைய இல்ல, ஒங்களத்தான்னு இப்பத்தான் தெரியுதுக்கா."

இத்தனை முட்டை பொரித்ததில் நான் கற்றது இவ்வளவுதான்: பெட்டிக்கு ஒரு பூட்டு வேண்டும், அதன் சாவி நாத்தனாரிடம் இருக்க வேண்டும்.